நெட்டையன் கையில் மஞ்சப்பை

ஏப்ரல் 3, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மூலனூர் மண்டியில் ஒரு கட்டு முருங்கைக்காய் எடுத்து, மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு காங்கேயம் போனேன். கொப்பரைக் களத்தில் நுங்குகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கமாக வெளியே வந்தேன். இது மூன்றாவது தடவை. ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருபத்தைந்து வயதில் அந்த வழியாகப் போயிருந்தால் பார்த்திருக்கும்.

மேலிடம் அவற்றை 'வேற்றுலக எதிரி' என்று சொல்லச் சொல்கிறது. என் வாயில் நுழையவில்லை, எனக்கு அவை நுங்கு. உரித்த நுங்கின் நிறம், விளக்குக் கம்பத்தின் உயரம், மூன்று கால், வாய் கிடையாது. வானத்திலிருந்து இறங்கி, தேங்காய் காயப்போடும் களங்களில் சுகமாக வெயில் காய்ந்துகொண்டு, கம்பியைத் தொட்டுத் தொட்டுக் கரண்டைக் குடிக்கின்றன. காங்கேயத்தில் பத்து நாளாக எண்ணெய் மில்லும் ஓடவில்லை, அரிசி மில்லும் ஓடவில்லை. உடுப்பு மாட்டிக்கொண்டு யார் போனாலும் ஜீப்பை ஆமை மாதிரி மல்லாக்கப் போட்டுவிடுகின்றன. முருங்கைக்காய்க்காரியை மட்டும் விட்டுவிடுகின்றன.

ஒற்று வேலை பார்க்கிறவள் டைரி எழுதக் கூடாது என்பது முதல் விதி. மூன்றாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்தை எவன் படித்துவிடப் போகிறான்? என்னாலேயே மறுநாள் படிக்க முடிவதில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

மேலிடத்துப் பெண் சத்யப்பிரியா வந்தாள். என் மகள் வயது. "அக்கா, நாளையிலிருந்து நீங்கதான் கமாண்டர்" என்றாள். எதற்குக் கமாண்டர் என்று கேட்டேன். காங்கேயம் ரோட்டில் மூடிக் கிடக்கும் சாயப்பட்டறைக்குக் கூட்டிப் போய்த் தகரக் கதவைத் தள்ளினாள்.

அம்மாடி!

செல்போன் டவரைவிட உயரம். இரண்டு கால், இரண்டு கை, தலையில் ஒரு கண்ணாடி அறை. டீசல்தான் தீனி. முட்டிக்குள் புழுதி போகாமலிருக்க ரிப் துணியில் உறை தைத்து மாட்டியிருக்கிறார்கள். திருப்பூரில் நிற்கிற பூதம் பனியன் போடாமல் இருக்குமா? அதற்கு ஏதோ நம்பரில் ஒரு பேர். நான் நெட்டையன் என்று வைத்தேன்.

"ஏங்கண்ணு, ராணுவத்துல ஆளே இல்லீங்களா?"

"இருக்காங்கக்கா. ஆனா உள்ள போய் முழுசா வெளிய வந்தது நீங்க ஒருத்தர்தான். இந்த நுங்குங்க எதுக்கு மிரளும்னு உங்களுக்குத்தானே தெரியும்."

அவள் வாயிலும் நுங்கு வந்துவிட்டது. இதுவே எனக்கு முதல் வெற்றி.

ஏப்ரல் 5, சனி

நெட்டையனின் இடது காலுக்குக் கிட்டுசாமியண்ணன், எங்கள் மூலனூர்ப் பக்கம், லாரி ஓட்டியவர். வலது காலுக்கு ஜெயபாண்டி, மானாமதுரைப் பக்கம், நிட்டிங் மிஷின் ஓட்டியவன். முட்டிக்குள் ஆளுக்கொரு இருக்கை. நான் தலைக்குள், மைக்கோடும் கைகளை ஆட்டும் இரண்டு பிடியோடும்.

"நடங்க" என்றேன். நெட்டையன் அசையவில்லை.

"தம்பி, நீங்க மொதல்ல வைங்க." இது இடது கால்.

"நீ பெரியாளு, நீ வையிண்ணே." இது வலது கால்.

"இருக்கட்டுங்க தம்பி, பரவால்லீங்க, நீங்களே வைங்க."

"அட, எடுத்து வையிண்ணே, காலு மரத்துப்போச்சு!"

கோபத்தில் ஜெயபாண்டி வைக்க, அவன் மனம் நோகக் கூடாதென்று அதே நொடியில் கிட்டுசாமியண்ணனும் வைக்க, நெட்டையன் தவளை மாதிரி ஒரே தத்தாகத் தத்தினான். மதில் சுவர் காலி. நான் தலைக்குள் உருண்டு உருண்டு சிரித்தேன். நெற்றியில் ஒரு புடைப்பு.

வீட்டில் அவங்க, என் வீட்டுக்காரர், செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒற்று என்பது இந்த மகுடேஸ்வரனுக்கு இன்றுவரை தெரியாது. முருங்கைக்காய் வியாபாரி என்று நம்பிக்கொண்டிருக்கிற அப்பிராணி. "அந்தப் பூதத்தை ஓட்டறவன் முழுக் குடிகாரனாட்ட இருக்குது, பூவா" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிட்டுசாமியண்ணன் சம்சாரம் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொடுத்தனுப்பியிருந்தது. போசியை வெறுமனே திருப்பித் தருவதா? நாலு முருங்கைக்காயை ஒடித்துப் போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வென்றோம்! வென்றோம்! எழுத்து எறும்பு மாதிரி ஓடுகிறது.

களத்துக்குப் பக்கத்தில் லாரி போனால் நுங்குகள் காலைத் தூக்கிக்கொள்ளும். முருங்கைக்காய்க் கட்டோடு போனபோதே பார்த்து வைத்திருந்தேன். தரை அதிர்ந்தால் ஆகாது அவற்றுக்கு. அதனால் அன்றைக்குத் தெரியாமல் தத்தியதை இன்றைக்கு வேண்டுமென்றே தத்தினோம். காங்கேயம் களத்தில் நெட்டையன் தொம் தொம்மென்று குதிக்க, நுங்குகள் மூன்று காலையும் தூக்கிக்கொண்டு உருண்டன. ஒன்று மட்டும் இடது கால் சுண்டுவிரலைப் பிடித்துத் திருகிப் பிய்த்துவிட்டது. "ஐயோ, என்ற வெரலுங்க!" என்று உள்ளேயிருந்து கிட்டுசாமியண்ணன் அலறினார், ஏதோ அவருடைய விரல் போல.

பிறகு ஒவ்வொன்றாக மேலே கிளம்பின. விரலையும் தூக்கிக்கொண்டு. நான் வெளி ஸ்பீக்கரைப் போட்டு, மைக்கில் வாய் நிறைய, "சரிங்க, போயிட்டு வாங்க" என்றேன். தூரத்தில் நின்ற சனமெல்லாம் கைதட்டியது.

வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, அந்தப் பூதம் உன்ற கொரல்ல பேசுது?"

"ஊர்ல எத்தனையோ கொரலுங்க."

"போயிட்டு வாங்கன்னு அந்த இழுவை என்ற ஊட்டுக்காரி மட்டுந்தான் இழுப்பா."

நான் வெங்காயத்தையே பார்த்தேன். அவங்களும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். "நாளைக்கு அதுல போயிட்டு வர்றப்ப ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான். இருபது வருஷத்து ரகசியம் தீப்பெட்டியோடு முடிந்தது!

ஏப்ரல் 10, வியாழன்

காங்கேயத்தில் கரண்ட் வந்துவிட்டது. நெட்டையனுக்கு மாலை போட்டார்கள். எனக்கு யாரும் போடவில்லை, நான் ஒற்று. ஜெயபாண்டியை எடுத்துத் தரச் சொல்லி அதிலிருந்து ஒரு முழம் தலையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வந்துவிட்டன.

முன்னே வந்ததைப் போல் மூன்று மடங்கு. இந்தத் தடவை குட்டி குளுவான்களோடு. களங்கள் போதாமல் படியூர் வரை ரோட்டோரம் உட்கார்ந்திருக்கின்றன. திருப்பூரில் பாதிக்குக் கரண்ட் இல்லை. கம்பெனிகள் கப்சிப்.

நெட்டையனைக் கொண்டுபோய்த் தத்தினோம். அவையும் எழுந்து கூடவே தத்தின! குட்டிகள் இரண்டு தத்து அதிகம். "யக்கா, இது சண்டையா, திருவிழாவா?" என்று முட்டிக்குள்ளிருந்து கேட்டான் ஜெயபாண்டி.

சிரித்துக்கொண்டே இறங்கினேன். சத்யப்பிரியா சிரிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இவை போகாவிட்டால் திருப்பூரையே காலி செய்துவிட்டு, ஞாயிறு காலையில் குண்டு போடுவார்களாம். காங்கேயத்திலிருந்து நொய்யல் வரைக்கும்.

ஏப்ரல் 16, புதன்

கம்பெனி வாசலெல்லாம் மூட்டை முடிச்சு. ஒடிசாப் பையன்கள் ரயிலுக்கு நிற்கிறார்கள். ஜெயபாண்டி வலது முட்டியை விட்டு இறங்கவே இல்லை. "மழை இல்லாத ஊர்ல இருந்து பொழைக்க வந்தேன். இந்த ஊரும் இல்லேன்னா எங்கிட்டுக்கா போக?" என்றான். வீட்டில் அவங்களைக் கிளம்பச் சொன்னேன். "நீ அந்தத் தலைக்குள்ள உக்காந்திருக்கறப்ப நான் எங்க போறது?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் சத்யப்பிரியா ஒன்றைக் கேட்கச் சொன்னாள். நுங்குகள் கூட்டமாக முனகுவதைப் பதிந்திருந்தாள். அதை மெதுவாக ஓடவிட்டாள்.

என் குரல். அத்தனை நுங்கும் சேர்ந்து, என் குரலில், என் இழுவையோடு — போயிட்டு வாங்க.

"போகச் சொன்னீங்க, போனாங்க. வரச் சொன்னீங்க, வந்துட்டாங்க. அவ்வளவுதான்க்கா" என்றாள்.

ஐயோ சாமி, நான் என்ன பண்ணிப்போட்டேன்! வாய்ப் பழக்கமுங்க அது. வாசப்படி தாண்டறவங்கள வெறுமனே போன்னு சொல்ற வாயா இது? பீஸ் புடுங்க வர்ற கரண்டுக்காரனுக்கே போயிட்டு வாங்கன்னுதான சொல்லுவேன். அதுக்கு ஒரு ஊரே போகோணுமா? என்ற ஒரு வார்த்தைக்கா?

ஏப்ரல் 17, வியாழன்

ஜெயபாண்டி மைக்கைப் பிடுங்கி, "போங்கடா!" என்று கத்தினான். ஒன்றும் திரும்பவில்லை. கூப்பிட்டவள் குரலுக்குத்தான் காது கொடுக்கின்றன.

சரி என்று நானே பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "போங்க" என்றேன். முப்பது வருஷமாக எல்லாரையும் வம்புக்கு இழுத்துப் பழகிய வாய். 'அட, போங்க' என்று வெட்கப்பட்ட மாதிரி வந்து விழுந்தது. நுங்குகள் சந்தோஷத்தில் குலுங்கின. ஒரு குட்டி ஓடிவந்து நெட்டையனின் கணுக்காலைக் கட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

டீ குடிக்கும்போது ஜெயபாண்டி என்னைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஊர்க்காரங்களுக்குப் போன்னு சொல்லவே வராதாக்கா? ஆனா கல்யாணத்துல மட்டும் நல்லா வெரட்டுறீங்க. சாப்பிட்டுக் கை கழுவ விடல, வாசல்ல ஒரு தேங்காப் பையைக் கையில திணிச்சிர்றீங்க!"

கிட்டுசாமியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "தாம்பூலப் பைங்களா தம்பி... அது கைக்கு வந்துட்டா அப்பறம் நிக்க முடியாதுங்களே. பஸ்ஸைப் பாக்க வேண்டியதுதானுங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். டீ ஆறிவிட்டது.

ஏப்ரல் 18, வெள்ளி

தேங்காய்க்கா பஞ்சம்? காங்கேயத்தில் மில் மில்லாகக் கொடுத்தார்கள். பைக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் ஒரு ஜவுளிக்கடைக் கிடங்கில் மஞ்சப்பை மலை மாதிரி கிடைத்தது. தேங்காய், வெற்றிலை, பாக்கு என்று போட ஆரம்பித்தோம்.

சத்யப்பிரியா ஒரு பையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

நன்றி. மீண்டும் வருக.

எல்லாப் பையிலும்!

"உங்க ஊர்ல பைக்குமாக்கா இந்தப் பழக்கம்?" என்றாள். முதல்முறையாக அவள் சிரித்துப் பார்த்தேன்.

அத்தனை பையையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினோம். பனியனைத் திருப்பிப் பழகிய கைகள், ரயிலுக்கு நின்றவர்கள்கூட மூட்டையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவங்களும் வந்தார். ஜெயபாண்டி எழுந்து, "கமாண்டர் வீட்டுக்காரருக்கு ஒரு சல்யூட்!" என்றான். அந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு வெட்கம் இல்லை.

ஏப்ரல் 19, சனி

படியூரில் நெட்டையனை நிறுத்திக் குனியவைத்தேன். ஒரு உள்ளங்கையில் பை மலை. முதலில் நம் ஆட்கள் செய்து காட்ட வேண்டும்.

கிட்டுசாமியண்ணன் வந்தார். நெட்டையன் இரண்டு விரலால் பையைக் கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கும்பிடு போட்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டோடு போனார். அடுத்தது ஜெயபாண்டி. அடுத்தது அவங்க. பிறகு கம்பெனிப் பெண்கள், ஒடிசாப் பையன்கள். வாங்கு, கும்பிடு, நடை. நுங்குகள் பார்த்துக்கொண்டே இருந்தன. வெயில் சாய்ந்துகொண்டே இருந்தது. சத்யப்பிரியா என் பக்கத்தில் நகத்தைக் கடித்துத் தின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது அந்தக் கணுக்கால் குட்டி வந்து வரிசையில் நின்றது.

பையை வாங்கியது. தேங்காயைத் தலைக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தது. ஒரு முனகல். மூன்று காலையும் மடக்கி ஒரு கும்பிடு. ஜிவ்வென்று மேலே!

அப்புறம் என்ன? தள்ளுமுள்ளுதான். கொடுக்கக் கொடுக்க வானத்தில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. ஒன்று மட்டும் இன்னொரு பைக்கு மறுபடி வந்து ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. அப்படி ஒருத்தர் இல்லாத கல்யாணம் உண்டா? கொடுத்துவிட்டேன்.

கடைசியாகப் போனது கிழடு போல. மெதுவாக எழும்பியது. எனக்கு மனசு இளகி, மைக்கில், "சரிங்க, போயி—"

சத்யப்பிரியா ஒரு கொத்து வெற்றிலையை என் வாயில் திணித்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

குண்டு இல்லை. கரண்ட் இருக்கிறது. கறி எடுத்தோம். ஜெயபாண்டிதான் குழம்பு வைத்தான், உறைப்பு தாங்காமல் கிட்டுசாமியண்ணன், "நல்லாருக்குதுங்க தம்பி" என்று கண்ணீர் விட்டார்.

மே 6, செவ்வாய்

விடிந்ததும் நெட்டையனைத் துடைக்கப் போனேன். யாரும் இல்லை. வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. நம் பைதான். ஆனால் உள்பக்கத்தை உள்ளேயே திருப்பி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மாட்டியிருந்தது. ஒரு எழுத்தையும் விடாமல் படித்தேன்.

உள்ளே நெட்டையனின் சுண்டுவிரல். தேய்த்துக் கழுவி, புதுப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு.

கிட்டுசாமியண்ணன் அதை மாட்டிவிட்டு அரைமணி நேரம் தடவிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, மேலிடத்துக்குச் சொல்லோணுமில்லீங்களா?" என்று கேட்டார். விருந்தாளிகள் கொடுத்தனுப்புவதையெல்லாம் மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டேன். அதுவும் நியாயந்தானுங்க என்றார்.

பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். இந்த வெயிலுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். நாளைக்கு மூலனூர் மண்டிக்குச் சீக்கிரமே போக வேண்டும். அந்தப் பைக்கு நாலு முருங்கைக்காய் நீளமாக, நல்ல சதைப்பற்றாகப் பார்த்து எடுக்க வேண்டும்.