நான் ஆட்டிய தலை

மே 16, சனி. மழை. குளிர்.

எழுத்து கோணல்மாணல். பேனை பிடிக்கத் தொடங்கி எட்டு மாதம்தான், கை இன்னும் துடுப்புப் பிடித்த கை. வாசிக்கப்போவது நான் மட்டும் என்பதால் என்னை நானே மன்னிக்கிறேன். எழுபத்தொரு வயதில் தமிழ் எழுதுகிறேன்! மாதா கோவில் மண்டபத்தில் ரஞ்சி ரீச்சர் படிப்பிக்கிறா. பஸ்ஸில் போகும்போது தமிழ்க் கடைப் பலகைகளை எல்லாம் வாசிக்கிறேன், சத்தமாக. மகள் வெட்கப்படுகிறாள்.

இன்று எழுத வேண்டியது வேறு.

வியாழன் பின்னேரம் செல்வத்தின் மரக்கறிக் கடைக் கண்ணாடியை எவனோ உடைத்தான். தடுக்கப் போன செல்வத்தின் மண்டையில் அடித்துவிட்டு ஓடினான். ஆறு தையல். நான் எதிரே பஸ் தரிப்பில். கண்டது முதுகு. ஒல்லி, உயரம், கறுத்த ஜக்கெற், தொப்பி, கையுறை. அவ்வளவு.

நேற்று ஒரு பொலிஸ்காரர் படத்தோடு வந்தார். படத்தில் எங்கள் கட்டடத்து வின்ஸ்டன். இரண்டாம் மாடி, ஜமெய்க்காக்காரர், கறுப்பர், பக்கத்து நகரம் ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை. செல்வம்தான் மொழிபெயர்த்தான், தலையில் கட்டோடு.

"உவன்தானே அங்கிள்? உவங்களை விட்டா வேற ஆர்?"

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். எழுதினார். திரும்பவும் பார்த்தார். திரும்பவும் ஆட்டினேன்.

இன்று காலை வின்ஸ்டனை விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள்.

மே 17, ஞாயிறு. வெயில், காற்று.

பூசை முடிந்து வாசலில் பெண்கள்.

"கறுவல் ஒருத்தன் பிடிபட்டிட்டானாம்."

"எந்தக் கறுவல்?"

"ஆருக்குத் தெரியும், எல்லாம் ஒரே மாதிரித்தானே."

சிரிப்பு. போன கிழமை ஊர்ச் சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலத்தில் நின்றுவிட்டு வந்து, "பொலிஸ் எங்களை மனுசராவே பாக்கேல்லை" என்று அழுதவர்களும் இவர்கள்தான்.

லிஃப்டில் வின்ஸ்டனின் மனைவி பெவர்லி. குட் மோர்னிங் சொன்னேன். அவ நிலத்தைப் பார்த்தபடி நின்றா.

ஏன் ஆட்டினேன்? சோதனைச்சாவடியில் பழகிய பழக்கம். சீருடை எதைக் கேட்டாலும் ஆட்ட வேண்டும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும். ஆட்டினால் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஊரில் 'தலையாட்டி' என்று வேறொருவன் இருந்தான். ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் எங்களைக் கடற்கரையில் வரிசையாக நிறுத்தினார்கள். சாக்கால் முகம் மூடிய ஒருவன், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டிய ஆட்களை லொறியில் ஏற்றினார்கள். என் தம்பி அந்தோனிக்கு ஆட்டினான். தம்பி திரும்பி வரவில்லை.

அவனுக்குச் சாக்காவது இருந்தது.

மே 18, திங்கள். விடுமுறை நாள்.

ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம். ரீவி காலையிலிருந்து ஓடுகிறது. மகள் சாப்பிடவில்லை. நானும் இல்லை. கீழே பூங்காவில் பிள்ளைகள் வெடி கொளுத்துகிறார்கள். இங்கே இன்று பழைய ராணி ஒருத்தியின் பிறந்தநாள் விடுமுறை. அவர்களுக்கு என்ன தெரியும்.

பின்னேரம் மகளிடம் சொன்னேன், பொலிசுக்குப் போக வேண்டும் என்று.

"இண்டைக்கோ அப்பா? இண்டைக்கு உதையோ கதைக்கிறியள்?"

"வேற எண்டைக்கு?"

"பொய் சொன்னனீங்கள் எண்டு உங்களைப் பிடிச்சாங்களெண்டா? தமிழன் எண்டாலே இப்ப ஒரு மாதிரித்தான் பாக்கிறாங்கள்."

"பிடிக்கட்டும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கடிதம் எழுதினேன். வாழ்க்கையில் முதல் கடிதம். இரண்டு மணித்தியாலம்.

1. நான் கண்டது முதுகு.
2. முகம் காணவில்லை. கறுப்போ வெள்ளையோ தெரியாது.
3. பயத்தில் தலையாட்டினேன்.
4. அது பொய்.

ஒரு வெட்டுக் கொத்தும் இல்லை. இப்படியான நாளிலும் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். ஆண்டவர் பொறுக்கட்டும்.

மே 19, செவ்வாய். குளிர் குறைவு.

விடிய மகள் வந்து, "வெளிக்கிடுங்கோ" என்றாள். கண் வீங்கியிருந்தது. வேலைக்குப் போகவில்லை.

பொலிஸ் நிலையம். அதே பொலிஸ்காரர். மகள் கடிதத்தை இங்கிலிசில் வாசித்தாள். ஏன் தலையாட்டினீர் என்று கேட்டார். மகள் கடற்கரையைப் பற்றிச் சொன்னாள். நீளமாக. அவளுக்கு அதை நான் சொன்னதே நேற்று இரவுதான்.

"அதுக்காக அவர் செய்யேல்லை எண்டில்லையாம், அப்பா."

"செய்தவர் எண்டும் இல்லையெண்டு சொல்லு."

கடிதத்தைப் பிரதி எடுத்தார். வின்ஸ்டன் இன்னும் உள்ளே. அடுத்த புதன் நீதிமன்றம், நான் வர வேண்டும்.

வரும் வழியில் செல்வத்தின் கடை. அவனுக்கு நானே சொல்ல வேண்டும் என்று இறங்கினேன்.

"மண்டை உடைஞ்சது எனக்கு. நீங்கள் கறுவலுக்குக் கடிதம் எழுதுறியளோ அங்கிள்? உதுக்குத்தானோ எழுதப் பழகினனீங்கள்?"

"ஓம்."

இனிக் கடைக்கு வர வேண்டாம் என்றான். சரி.

பிறகு இரண்டாம் மாடி. பெவர்லி கதவைப் பாதி திறந்தா. மகள் எல்லாம் சொன்னாள். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஒரு கேள்விதான் கேட்டா.

"அஞ்சு வருசம் பனிக்குள்ள உங்கட சாமான் வண்டிலைத் தூக்கித் தந்தவர், உங்களுக்கு முன்னாலதானே படி ஏறினவர். அவரின்ர முதுகு உங்களுக்குத் தெரியாதோ எண்டு கேக்கிறா, அப்பா."

தெரியும். அகலமான முதுகு. இடது தோள் கொஞ்சம் இறங்கியது. ஓடியவனின் முதுகு அது இல்லை. வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்க வேண்டும். பொலிஸ்காரர் படம் நீட்டியபோது அந்த முதுகை நான் நினைக்கவே இல்லை, 'உவங்கள்' என்று செல்வம் சொன்னதைத்தான் பார்த்தேன்.

கடிதத்தில் ஐந்தாவது வரி இல்லை. இப்போது எழுதுகிறேன்:

5. வின்ஸ்டனின் முதுகு எனக்குத் தெரியும். ஓடியது வின்ஸ்டன் இல்லை.

புதன்கிழமை இதை நானே வாசிப்பேன், மகள் மொழிபெயர்க்கட்டும். என்ன சொன்னார்கள் என்பதை அதன் பிறகு இந்தப் பக்கத்தின் கீழேயே எழுதுவேன். இடம் விட்டிருக்கிறேன்.