துண்டுக்குள் சுற்றிவைத்த குளுக்கோஸ்

திண்டிவனம்,
சித்திரை, வியாழக்கிழமை.

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அப்பா தாண்டவராயன் எழுதுவது. நீயும் உன் ரூமில் இருக்கிற பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே இந்நேரம் வெயில் ஏறியிருக்கும், தலையில் துணி கட்டாமல் சாரத்தில் ஏறாதே, தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். உன் தங்கை பாப்பாவும் நலம் என்று இதற்கு அடுத்து எழுதுவதுதான் வழக்கம், என்னால் எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம் என்று நாலைந்து தடவை எடுத்தேன், அம்மா பக்கத்தில் நின்று சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டுவாள், இல்லையென்றால் உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு நானே வைத்துவிடுவேன். கோட்டக்குப்பம் ஜகபர் சாதிக் தம்பி லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார், உன் கேம்ப்புக்கு அடுத்த கேம்ப்தானாம், அவரிடம் இரண்டு கிலோ வறுத்த மல்லாட்டையோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

கார்த்திகையில் பாப்பாவுக்கு டைபாய்டு என்று உன்னிடம் சொன்னோமே, அது டைபாய்டு இல்லை. அப்போது அவள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்கும் போலீஸ் செலக்‌ஷனுக்கும் சேர்த்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள், தினம் விடியலில் கிரவுண்டுக்குப் போய்விடுவாள். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். ஓடுகிற பெண் இளைக்கத்தான் செய்வாள் என்று நான் பெருமையாகக்கூட நினைத்தேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வேர்வை போகுது தாகம் எடுக்குது என்றோம். களைப்பாக இருக்கிறது என்று சொன்னதால் உன் அம்மா கேப்பைக் கூழில் நாட்டுச்சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள், நான் மார்க்கெட் கமிட்டியிலிருந்து வரும்போது கரும்புச்சாறு வாங்கிவந்தேன், அவளும் பாட்டிலில் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு போனாள். எவ்வளவு குடித்தாலும் ஓட்டம் பின்னாடிதான் போயிற்று. ஒருநாள் காலையில் வாந்தி நிற்கவில்லை, மூச்சு புஸ் புஸ்ஸென்று வாங்குகிறது, கண் சொருகுகிறது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டி இருந்தது. பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு ரஞ்சித்து.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். சர்க்கரை தின்றதால் வந்த வியாதி இல்லை இது, நீங்க கரும்புச்சாறு குடுத்ததால வந்ததும் இல்ல, இன்சுலின் சுரக்கிறது அவ உடம்புல நின்னுபோச்சு, இனிமே ஆயுசுக்கும் ஊசிதான் என்றார்கள். இனி ஓடக் கூடாதா என்று பாப்பா கேட்டாள், முதல் கேள்வியே அதுதான். தாராளமா ஓடலாம், ஆனா ஊசி போட்டுக்கினு ஓடினா சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிடும், அதனால முன்னாடி சாப்பிடணும், விரல்ல குத்தி சர்க்கரை பாக்கணும், கையில எப்பவும் குளுக்கோஸ் இருக்கணும், கூட இருக்கிறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும் என்றார்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சர்க்கரை டப்பா, வெல்லம், பிஸ்கட் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் கொடுத்துவிட்டாள். நான் ஒருநாள் பாப்பா குளுக்கோஸைக் கையில் கொட்டி நக்குவதைப் பார்த்து, சாகப் போறியா என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படாமல், ஓடுறப்ப எனக்கு இது விஷம் இல்லப்பா மருந்து, இறங்கிட்டா இதுதான் காப்பாத்தும் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குப் புரிந்தது மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஆனால் ஒன்றில் நானும் உன் அம்மாவும் பிடிவாதமாக இருந்தோம். வெளியில் ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது. வானூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள், பையனுக்குத் தாய்மாமன் மண்ணாங்கட்டி என்னோடு கமிட்டியில் எடை போடுகிறவர்தான். பொண்ணுக்கு சுகர்னு தெரிஞ்சா எவன் கட்டுவான் என்று உன் அம்மா அழுதாள். பாப்பா, ஜெயம் மேடத்துக்கு மட்டுமாவது சொல்லிடறேம்பா என்று இரண்டு தடவை கேட்டாள். ஜெயம் மேடம்தான் அவளுக்குக் கோச், தானும் ஒரு காலத்தில் ஓடிய பெண், தங்கமான மனுஷி. அவுங்களாண்ட சொன்னா கிரவுண்டு பூரா தெரியும், கிரவுண்டுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். உன்னிடமும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகும் அவள் நன்றாகத்தான் ஓடினாள். கிரவுண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விரலில் குத்திப் பார்ப்பாளாம், அங்கேயே குளுக்கோஸ் போட்டுக்கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாளாம். தை மாதம் பழைய வேகத்துக்கு வந்துவிட்டாள். மாசியில் போட்டி நெருங்கியதும் மேடம் எல்லாப் பெண்களிடமும் இருபது நாளைக்குச் சர்க்கரை, மைதா, பாட்டில் ஜூஸ் எதையும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தின்பண்டம் வைத்திருக்கிறார்களா என்று பையையும் பார்ப்பார்களாம். அவர்கள் நல்லதுக்குச் சொன்னது, தப்பு சொல்ல முடியாது, இவளுக்கு இப்படி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். மற்ற நாளெல்லாம் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறவள், அன்றிலிருந்து குளுக்கோஸைத் துண்டுக்குள் சுற்றிப் பையின் அடியில் வைக்க ஆரம்பித்தாள்.

மாசிக் கடைசிச் சனிக்கிழமை. காலையில் ஊசி போட்டுக்கொண்டாள், வயிறு சரியில்லை என்று ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டாள். அன்றைக்கு நானூறு மீட்டர் ஐந்து ரவுண்டு. நடந்ததை அவளோடு ஓடுகிற அமலா என்ற பெண் என்னிடம் சொன்னாள். மூன்றாவது ரவுண்டிலேயே பாப்பா கோடு தாண்டிக் கோணலாக ஓடினாளாம், என்னடி என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிச் சிரித்தாளாம். நாலாவது முடிந்ததும் கை நடுங்கியிருக்கிறது. மேடம் களைப்பு என்று நினைத்து, பாப்பாவைப் பேர் சொல்லி, இன்னும் ஒன்னுதான்டி கலை, போட்டியில யாரும் உட்கார விடமாட்டாங்க, ஓடு என்றிருக்கிறார்கள். ஓடினாள். வளைவில் விழுந்தாள். விழுந்ததும் கை கால் வெட்டிவெட்டி இழுத்திருக்கிறது. வலிப்பு என்று யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அவள் பை இருபதடி தூரத்தில் வேப்பமரத்தடியில் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இதற்கு மேல் எழுதுவது உன் அம்மாவுக்கே தெரியாதது. மேடம் எனக்குப் போன் செய்தார்கள். நான் கமிட்டியில் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், மண்ணாங்கட்டி எனக்கு எதிரில் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சார், கலைக்கு ஃபிட்ஸ் மாதிரி வந்திருக்கு, அவளுக்கு ஏற்கெனவே ஏதாச்சும் இருக்கா, எதுக்காச்சும் மருந்து சாப்பிட்டுக்கினு இருக்காளா என்று கேட்டார்கள். போன் சத்தம் பெரிசு. மண்ணாங்கட்டி என் முகத்தையே பார்க்கிறார். நான், அதெல்லாம் ஒன்னும் கிடையாதுங்க மேடம், அவளுக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கா என்று சொன்னேன். ரஞ்சித்து, என் வாயால் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்தது. வண்டியை எடுத்து கேட்டைத் தாண்டியதும்தான் நான் செய்தது எனக்கே உறைத்தது. நடுரோட்டில் நிறுத்தித் திரும்பப் போன் அடித்தேன், ஆறு தடவை அடித்தேன், ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்படி எடுப்பார்கள். மேம்பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோய் வண்டிகள் நகரவில்லை. போனில் மேடம் சொல்லியிருந்த கிளினிக்கில் டாக்டர் இன்னும் வரவில்லை, 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்கும் 108 வருவதற்கும் சரியாக இருந்தது. அதில் வந்த நர்ஸம்மா இறங்கியதும் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இருபத்திரண்டுதான் இருந்தது. யார் கூட வந்தது, இந்தப் பொண்ணுக்கு சுகர் இருக்கா என்று சத்தம் போட்டார்கள். இல்லையே சிஸ்டர், அவுங்க அப்பாவையே கேட்டோமே என்று அமலா சொல்கிறாள். நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிறேன். இருக்குங்க, ஊசி போட்டுக்கினு இருக்கா என்றேன். ஜெயம் மேடம் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விழுந்ததிலிருந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வலிப்பு நின்றது, கண் திறக்கவில்லை. நாலாம் நாள்தான் திறந்தாள், பதினோரு நாள் ஐசியூவில் இருந்தாள். வெயிலில் மயங்கி விழுந்தாள், சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னதும், போனில் சிக்னல் இல்லை, பாப்பா தூங்குகிறாள் என்று சாக்குச் சொன்னதும் இதற்காகத்தான். சர்க்கரை ரொம்ப நேரம் இறங்கியே இருந்ததால் மூளைக்கு அடி பட்டுவிட்டது என்றார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வலது கையில் ஸ்பூன் நிற்பதில்லை. எல்லாம் புரிகிறது, ஆளைத் தெரிகிறது, ஆனால் வார்த்தை வருவதற்கு நேரமாகிறது, சில வார்த்தை வருவதே இல்லை. சின்ன வயசு, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்கிறார்கள். ஓட்டத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நாங்களும் பேசுவதில்லை. ஷூவை உன் அம்மா பரணில் போட்டாள், பாப்பா மறுநாளே கையைக் காட்டி எடுத்துக் கீழே வைக்கச் சொன்னாள். வானூர்க்காரர்கள் அப்புறம் வரவில்லை, அதைப் பற்றி எனக்கு இப்போது ஒரு நினைப்பும் இல்லை.

மேடம் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரிக்காத பொட்டலம் துண்டுக்குள் அப்படியே இருந்தது. என் பாக்கெட்லயே வெச்சிருந்திருப்பேனே சார், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே, இன்னாத்துக்கு சார் மறைச்சீங்க என்று கேட்டு அழுதார்கள். இன்னும் ஒரு ரவுண்டு ஓடச் சொன்னேனே என்று அவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. பத்து நாள் கழித்து நானே கிரவுண்டுக்குப் போனேன். பதினாலு பெண்கள் நின்றார்கள். என் பெண்ணுக்கு என்ன வியாதி, ஏன் மறைத்தோம், போனில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் சொன்னேன். உங்க உடம்புல இன்னா இருந்தாலும் மேடத்தாண்ட சொல்லுங்கம்மா, வீட்ல வேணாம்னு சொன்னாலும் சொல்லுங்க என்றேன். மேடம் இப்போது விசில் கயிற்றோடு ஒரு சின்னப் பையில் குளுக்கோஸும் கட்டிக்கொண்டுதான் கிரவுண்டில் நிற்கிறார்கள்.

போன வாரம் பாப்பாவிடமும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. பிறகு வாயை அசைத்து அசைத்து, அண்ணன்... கிட்ட... சொல்லு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவிடம், நாளைக்கு ஜகபர் சாதிக்கை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் சொல்லப்போகிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, அவளோடு பேசு. அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டு வந்துவிடாதே, வரத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் தடுக்கவும் மாட்டேன்.

நீயும் உன் ரூம் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் ஆயுசோடு இருக்க எல்லாம்வல்ல அங்காளம்மா துணையிருக்கட்டும். விருத்தாசலம் மாமா திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டுப் போனார், உன்னைக் கேட்டதாகச் சொன்னார். ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் ஊசி போட்டுச் சாப்பிட்ட பிறகு, ஒன்பது மணிக்கு மேல் வீடியோவில் கூப்பிடு. அவள் உன் பேரைச் சொல்லப் பார்ப்பாள், ‘ர’ வந்து நின்றுவிடும். நீ எடுத்துக்கொடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் அவளே சொல்லி முடிக்கட்டும், அதுவரைக்கும் போனைக் கீழே வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. தாண்டவராயன்