பதினைந்து நிமிடத்தில் வருகிறேன் என்றீர்கள்

ஜெர்சி சிட்டி
8 ஜூன் 2008, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ரிதாவும் நலம். நீங்களும் அந்தத் தீவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஃபோனில் பாதிப் பேச்சு ரிதாவுக்குப் போய்விடுகிறது. மீதிப் பேச்சுக்கு நீங்கள் ‘ம்’ கொட்டுகிறீர்கள். ஈமெயில் அனுப்பலாமென்றால் எனக்குத் தமிழில் தட்டத் தெரியாது. இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸில் யாரோடோ சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. அதோடு இந்தக் கவரில் வேறு காகிதங்களும் வைத்திருக்கிறேன். அவை என்ன என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே எடுத்துப் பார்த்துவிட்டு, கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ரிதாவுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்துவிட்டது, ‘ஸ’ எல்லாம் காற்றாகப் போகிறது. நேற்று ஐசலின் இந்தியக் கடைத்தெருவுக்குப் போய் அரிசியும் மீனும் வாங்கி வந்தேன். மீன் என்று பெயர்தான், ஐஸ்கட்டியை ஆணம் வைத்த மாதிரி இருந்தது. நீங்கள் பார்படோஸில் கோலா மீன் மலிவாகக் கிடைக்கிறது, அதுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு உயிர் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று எனக்கு வந்தது பொறாமை இல்லை, கோபம். நாகூரில் பிறந்தவளுக்குக் கோலா மீனைப் பற்றி ஈமெயிலில் எழுதுவது என்ன நியாயம்?

வியாழக்கிழமை உங்கள் ஈமெயில் வந்தது. மூன்றே வரி. எச்-ஒன் விசா குலுக்கலில் உங்கள் பெயர் விழவில்லை, கம்பெனி இன்னும் ஒரு வருஷம் அங்கிருந்தே வேலை பார்க்கச் சொல்கிறது, இதுதான் நமக்கு நல்லது. முதல் இரண்டு வரியும் உங்கள் கையில் இல்லை, எனக்குத் தெரியும். மூன்றாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன வருஷம் நீங்கள் கிளம்பியதில் தப்பில்லை. ஆறு வருஷ விசா முடிந்துபோனது. கிரீன் கார்டு வேலையைக் கம்பெனி இழுத்தடித்துவிட்டது. ஒரு வருஷம் வெளியே இருந்தால் மறுபடி விசாவுக்குப் போடலாம், அதுவரை எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார் என்றார்கள். ஊருக்குப் போனால் ராவும் பகலும் மாறிவிடும், எங்களோடு பேசக்கூட முடியாது என்று நீங்கள்தான் இந்தத் தீவைத் தேடிப் பிடித்தீர்கள். ஏர்போர்ட்டில் ரிதாவிடம், வாப்பாவுக்கும் உனக்கும் கடிகாரத்தில் ஒரே மணிதான் என்று சொன்னீர்கள். இந்த வருஷ நோன்புப் பெருநாளை மூன்று பேரும் ஒன்றாகக் கொண்டாடுவோம் என்றுதான் நானும் நாளை ஓட்டினேன்.

இப்போது ஸ்கூலில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். அதில் நான் ஃபோனில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

உங்கள் இன்டர்நெட் ஃபோனில் இருப்பது நியூ ஜெர்சி நம்பர். கஸ்டமருக்கு நீங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிற மாதிரி தோன்றவேண்டும் என்று கம்பெனி கொடுத்தது. கையோடு அதையே ஸ்கூலுக்கும் கொடுத்தோம். போதாததற்கு, வாப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டால் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்று சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதனால் செவ்வாய்க்கிழமை ரிதாவுக்குக் காய்ச்சல் வந்ததும் நர்ஸ் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற தகப்பனைக் கூப்பிட்டார். நீங்கள் கஸ்டமரோடு பேசிக்கொண்டிருந்த அவசரத்தில், பதினைந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டீர்கள். வாயில் வந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நான் மீட்டிங்கில் இருந்தேன், ஃபோன் மேஜை டிராயரில் இருந்தது. உங்கள் மெசேஜைப் பார்த்து, டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் நர்ஸ், நல்ல மனசோடுதான், உன் அப்பா வந்துகொண்டிருக்கிறார் என்று ரிதாவிடம் சொல்லியிருக்கிறார். இவள் கட்டிலில் படுக்கவே மாட்டேன் என்றிருக்கிறாள். ஷூவை மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதும் என்னைப் பார்க்கவில்லை மச்சான். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

அவர் பார்படோஸில் இருக்கிறார் என்று நர்ஸிடம் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகத்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் நம் பிள்ளை சொன்னாள்: “ஹி டஸ். இட்ஸ் நாட் ஆவர் ஹோம்.”

அவள் அழவில்லை. நான்தான் டாக்ஸியில் அழுதேன். தொண்டையில் இன்ஃபெக்‌ஷன், மருந்து கொடுத்து இப்போது நன்றாக இருக்கிறாள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது நான் ஒரே ஒரு விஷயம்தான் விசாரிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை சபராளியா, பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடந்து சம்பாதிக்கப் போகிறவரா? அவ்வளவுதான். என் வாப்பா புருனேயில் கடை வைத்திருந்தார். அவர் வருவதும் போவதும் எங்கள் வீட்டில் மழைக்காலம் மாதிரி, சில வருஷம் வரும், சில வருஷம் வராது. உங்கள் மாமா, பையன் கம்ப்யூட்டர் வேலை, பெண்டாட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு போவான் என்று அடித்துச் சொன்னார். நீங்களும் சொன்னபடி கூட்டி வந்தீர்கள். இப்போது உங்கள் கம்பெனி இதற்கு ‘ரிமோட்’ என்று பெயர் வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் இதற்குச் சபராளி என்றுதான் பெயர்.

ஒரு வழி இருக்கிறது என்று போன வருஷமே சொன்னேன். எனக்கு என் பெயரிலேயே விசா இருக்கிறது, நீங்கள் என் கணவராக எச்-ஃபோர் டிபென்டென்ட் விசாவில் வந்து எங்களோடு இருக்கலாம், வேலை மட்டும் பார்க்க முடியாது என்றேன். நீங்கள் சட்டையை மடித்துக்கொண்டே, “நான் ஒனக்கு டிபென்டென்ட்டா, ஷரீபா?” என்று சிரித்தீர்கள். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் உங்களுக்கு நான்கு வருஷம் டிபென்டென்ட்டாக இருந்தேன். சுலபமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் ரயிலேறிப் போன பிறகு ஜன்னலில் நின்று, படித்த படிப்பை என்ன செய்வது என்று யோசித்த நாட்கள் உண்டு. உங்கள் ஆபீஸ் ஆட்களை விருந்துக்குக் கூப்பிட்ட அன்று, அத்தனை பேருக்கும் பிரியாணி நான் ஒருத்தி ஆக்கினேன். யாரோ நான் என்ன செய்கிறேன் என்று கேட்டதற்கு, “ஷி இஸ் நாட் டூயிங் எனிதிங், எச்-ஃபோர்” என்றீர்கள். பிரியாணி உங்கள் தட்டில்தான் இருந்தது. ஆனாலும் அதில் நான் ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. அந்த வருஷங்களில் நீங்கள் தினமும் வீட்டுக்கு வந்தீர்கள், அது எனக்குப் பெரிதாக இருந்தது.

ஹஸ்னைன் அண்ணன் ஞாபகம் உங்களுக்கு வரும், அதுவும் தெரியும். வேலை போய், ஆஸிபாவின் விசாவில் வீட்டில் இருந்தபோது நம் ஆட்கள் எல்லோரும் அவரைக் கேலி பண்ணினார்கள், நீங்களும் பண்ணினீர்கள். நேற்று ஐசலினில் அவர்களைப் பார்த்தேன். அவர் மறுபடி வேலைக்குப் போய்விட்டார். அவருடைய சின்னப் பையன் இன்னமும் சோறு ஊட்ட அவரைத்தான் தேடுகிறான் என்று ஆஸிபா குறைப்பட்டுக்கொண்டாள். குறை மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் வந்தால் உங்கள் கம்பெனி வேலை போகும். தெரிந்துதான் கேட்கிறேன். என் பேங்க் கான்ட்ராக்ட் டிசம்பர் வரைக்கும் உறுதி. அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள், எங்கள் மாடியிலேயே சில மேஜைகள் காலியாகிவிட்டன. பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயப்படுகிற இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து பயப்படலாமே. அடுத்த ஏப்ரலில் மறுபடி குலுக்கலில் பெயர் போடச் சொல்லி வேறு கம்பெனியைப் பார்ப்போம். அதுவரை காலையில் ரிதாவை நீங்கள் ஸ்கூலில் விடுங்கள். அவளுக்குத் தலை பின்ன உங்களுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, நான் ரயிலுக்கு ஓடுவதற்கு முன் பின்னிவிடுகிறேன்.

இனி கவரில் இருக்கிற காகிதங்கள். என் விசா அப்ரூவல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, என் ஆபீஸ் கொடுத்த கடிதம், நம் நிக்காஹ் சான்றிதழும் அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும். அமெரிக்க எம்பஸி உங்கள் ஊரிலேயே, பிரிட்ஜ்டவுனில் இருக்கிறது. போட்டோ மட்டும் நீங்கள் எடுக்கவேண்டும். பின்னால் வெள்ளையாக இருக்கட்டும், கடல் வேண்டாம்.

நிக்காஹ் சான்றிதழைக் காப்பி எடுக்கும்போது மெஷின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அன்று நீங்கள் வெளியே பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. என் சார்பில் பேசுகிற வக்கீலாக என் பெரிய மாமாவும் இரண்டு சாட்சிகளும் என் அறைக்கு வந்து, இன்னாரை மணக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டினால் எப்படியம்மா, வாயால் சொல்லு, நாங்கள் காதால் கேட்கவேண்டும் என்றார் மாமா. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னேன். அன்றிலிருந்து உங்கள் பொறுப்பில் வந்தேன், அதை ஒரு குறைவாக நான் நினைத்ததில்லை.

இப்போது சாட்சிகளோடு வர எனக்கு வழியில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் கேட்கிறேன். ரிதாவின் வாப்பாவாக, என் பொறுப்பில், இந்த வீட்டுக்கு வர உங்களுக்குச் சம்மதமா? உங்களுக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். யோசித்து, தொழுது, பிறகு ஃபோன் பண்ணுங்கள். ‘ம்’ கொட்டாதீர்கள் மச்சான். வாயால் சொல்லுங்கள், நாங்கள் இரண்டு பேரும் காதால் கேட்கவேண்டும்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் சேர்ப்பானாக.

வஸ்ஸலாம்,
உங்கள்
ஷரீபா