ஓவர்டிரைவும் நான்கு ஜோடிக் கறுப்புப் பாதங்களும்

காஜா பெராங், மலாக்கா
20-3-1960, ஞாயிறு

அன்புள்ள ஜெயபாலனுக்கு,

உன் அப்பாவின் காரில் ஓவர்டிரைவ் ஏன் நின்றுபோனது என்று கேட்டு எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, ஆனால் அவர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றபடி இங்கே எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே சீமையில் குளிர் குறைந்து நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரையிடம் வாங்கிய அந்த இரண்டு இருக்கைக் காரில், நாலாவது கியரில் போகும்போது ஒரு சுவிட்சைத் தட்டினால் வேகம் குறையாமல் எஞ்சின் மட்டும் அடங்கி ஓடும், அதுதான் ஓவர்டிரைவ், இதை அப்பா காய்கறிக்காரரிடம்கூட விளக்கியிருக்கிறார். இரண்டு வாரமாகத் தட்டினால் தட்டிய சத்தம் மட்டும் வருகிறது. இதில் எனக்கென்ன என்று நினைப்பாய். எங்கள் பள்ளியின் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை போகிறார், அந்த இடத்துக்கு நாளைக் காலை பத்து மணிக்குக் கோலாலம்பூரில் எனக்கு நேர்காணல். இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், என் வயதுக்கு இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள். டாக்சியில் போகிறேன் என்றேன். தலைமையாசிரியை ஆகப்போகிறவள் நாலு பேரோடு இடித்துக்கொண்டு போய் இறங்குவதா என்று அப்பா மறுத்துவிட்டார். ஓவர்டிரைவ் இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டினால் எஞ்சின் போய்விடும் என்றும் அவரேதான் சொல்கிறார்.

ஆகவே தினமும் போர்ட்டிகோவில் மாநாடு. பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கும் பக்கத்து வீட்டுத் தியாகு கியர்பெட்டியை இறக்கிப் பிரித்தே ஆகவேண்டும் என்கிறார். டெலிபோன் இலாகாவில் இருக்கும் உன் பொன்னுதுரை சித்தப்பா, அண்ணே, இது கரண்டுக் கோளாறு, மழை ஈரம் உள்ளே போயிருக்கிறது, பஸ் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்கிறார். தெங்கேராவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அப்துல் கய்யூம் இருவரையும் சமாதானப்படுத்தி, ஓவர்டிரைவைக் கரண்டில் இழுக்கும் சொலினாய்டுதான் போயிருக்கும், லண்டனுக்கு எழுதினால் மூன்று மாதத்தில் கப்பலில் வந்துவிடும், டீச்சரம்மா இன்டர்வியூவைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லலாமே என்றார். சுதந்திர அறிவிப்பின்போது, இனி நம் நாட்டை நாமே நடத்துவோம் என்றதும் பாடாங் மைதானத்தில் பலமாகக் கைதட்டியவர்கள் இதே மூவர். எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். உனக்குச் சரித்திரம் தெரியும் பொன்னம்மா, இது இயந்திரம் என்றார் அப்பா. நானும் விட்டுவிட்டேன்.

இன்று மாலை அப்பாவையும் சேர்த்து நால்வரும் வாதாடிக் களைத்து, மரியாதையாகச் செருப்பைக் காரோரமாகவே கழற்றிவிட்டுத் தேநீருக்கு உள்ளே வந்தார்கள். காலையில் துடைத்த கூடத்தில் நான்கு ஜோடிக் கறுப்புப் பாதங்கள். வெளியே போய்ப் பார்த்தால் காருக்கடியிலிருந்து அவர்கள் செருப்பு வரை முறம் அளவுக்கு எண்ணெய். இரண்டு வாரமாக அதன்மேல் நின்றுகொண்டுதான் அது ஈரமா சொலினாய்டா என்று பேசியிருக்கிறார்கள். அவர்கள் போனதும் அப்பா குளிக்கப் போனார், நான் காரின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன், ஓவர்டிரைவ் பக்கத்தில் முதல் வரியே கியர்பெட்டி எண்ணெயைப் பார் என்பதுதான். நான் உட்காரும் பக்கம் கம்பளத்தைத் தூக்கி ரப்பர் மூடியைக் கழற்றினால் அளவுக்குச்சி, நுனிவரை காய்ந்து கிடந்தது. ஷெட்டில் இருந்த எண்ணெய் டின்னை எடுத்துக் கோடு வரை ஊற்றினேன். அப்பாவிடம் சொல்லவில்லை, பலிக்குமா என்றும் தெரியாது. சவர்க்காரமும் புளியும் போட்டுத் தேய்த்தும் நகக்கண் கறுப்பு போகவில்லை.

அப்பா உனக்கு எழுதிக் கேட்ட சொலினாய்டை அங்கே வாங்கிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, பரீட்சைக்கு முந்தின நாளாவது தூங்கு. எந்தக் குறையும் இல்லாமல் படித்து முடித்து வா. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், உறையை நாளைதான் ஒட்டுவேன்.

உன் அம்மா,
பொன்னம்மா

திங்கள், மாலை

அலோர் காஜா தாண்டியதும் அப்பா பழக்கத்தில் சுவிட்சைத் தட்டினார், எஞ்சின் அடங்கியது. பார்த்தாயா, ஈரம் காய்ந்துவிட்டது, பொன்னுதுரை சொன்னது சரி என்றார். உண்மையைச் சொன்னேன். சிரம்பான் வந்ததும் அப்பா, எத்தனை பைண்ட் ஊற்றினாய் என்று மட்டும் கேட்டார்.

நேர்காணல் குழுத் தலைவர் என் நகங்களைப் பார்த்து, இது என்ன என்றார். சொன்னேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சீமைக்குப் போன ஓர் அதிகாரியிடம் அவரும் அதே காரை வாங்கியிருக்கிறாராம், இரண்டு மாதமாக ஓவர்டிரைவ் இல்லையாம். இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு நிமிஷம் கியர்பெட்டி. என் மதராஸ் பட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில், அடுத்த மாதம் முதல் தேதி பொறுப்பேற்க முடியுமா என்றார்கள். முடியும் என்றேன்.

வீட்டு வாசலில் மூவரும் காத்திருந்தார்கள். எண்ணெய்தான் குறைந்திருந்தது என்றார் அப்பா. அண்ணே, அதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன் என்றார் சித்தப்பா. தியாகுவும் கய்யூமும் தலையாட்டினார்கள். பிறகு நால்வரும் காரைச் சுற்றி நின்று பேசிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒழுகல் அப்படியேதான் இருக்கிறது. நான் வாசலில் சாக்கு விரித்து வைத்திருந்தேன்.