அகராதிக்குள் ஒரு வேப்பிலை

உன் காரியம் முடிந்த கையோடு, உன் அகராதியை நேற்று உன் மகன் கொண்டுவந்து கொடுத்தான். "உங்க கைலதான் குடுக்கணும்னு அப்பா சொல்லிகினே இருந்தாரு" என்றான். இந்தப் புத்தகம் என் வீட்டுக்கு வருவது இது இரண்டாம் தடவை.

முதல் தடவை, இளவயதில் நாம் மாமல்லபுரத்தில் இருந்தபோது, என் மகளுக்குப் பெரியம்மை வார்த்திருந்தது. வாசலில் நாங்கள் செருகிய வேப்பிலைக்குப் பக்கத்திலேயே ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஓர் அட்டையை அறைந்துவிட்டுப் போனார். 'குவாரன்டைன்'. வாசலுக்கு வந்தால் அந்தச் சொல் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தெருவே ஒதுங்கிப் போனது. என்னோடு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நீ மட்டும் சாயங்காலமானால் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாய்.

"இன்னாத்துக்கு மச்சான் அதப் பாத்து பயந்துகினு கீற? அதுக்கு அர்த்தம் வெறும் நாப்பது. வெனிஸ்ல கப்பல் வந்தா நாப்பது நாளு கடல்லயே நிறுத்தி வெப்பானுங்க. அந்த வார்த்தைக்குள்ள பூந்து பாரு, பயம் போயிடும்" என்று அகராதியை வேலி மேல் நீட்டினாய்.

மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து புரட்டினேன். இங்கிலீஷுக்கு முன்னால் இத்தாலி, அதற்கும் முன்னால் லத்தீன், அந்த நாற்பதுக்குள் இருக்கும் லத்தீன் நாலுக்கு ஒன்றுவிட்ட உறவாக சமஸ்கிருதத்துச் சதுர். அவள் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன், திரும்பவும் படிப்பேன்.

அவள் பிழைத்தாள். அம்மை இறங்கி, அவளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாளே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் உன் வாசலிலும் வேப்பிலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளின் உடம்பைத் தடவிய கொத்திலிருந்து விழுந்த இலையை, அம்மன் இலை காலில் மிதிபடக் கூடாதென்று, புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்தவன், எடுக்காமலே உன்னிடம் கொடுத்திருக்கிறேன்.

உன் வேலியோரம் தினமும் வந்து நின்றேன். இலையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நீ எழுந்து வந்தாய், இடது கண்ணை அம்மைக்குக் கொடுத்துவிட்டு. அதற்கப்புறம் தலையைச் சாய்த்து நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாய் என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். நீ கேட்கவே இல்லை. உனக்குத் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இன்று காலை அந்தச் சொல் உள்ள பக்கத்தைத் திறந்தேன். இலை அங்கேயே இருக்கிறது. நரம்பு மட்டும் மிச்சம்.

எல்லாம் தெரிந்துதான் கடைசிவரை என்னை மச்சான் என்று கூப்பிட்டாயா? நீ போனதும் இந்தப் பயமும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இலையை எடுக்கத் துணிவில்லை. அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.