நாலாவது மாசம்

மார்ச் 3, செவ்வாய்

பெரியப்பா எழுதி அனுப்பியது இன்று வந்தது. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் மலர், பதினாறு பக்கம், இருநூறு பிரதி. அச்சகத்தில் பக்கம் அமைப்பது என் வேலை என்பதால் "நம்ம வீட்டுப் பொண்ணே செஞ்சிடட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன், இரண்டாம் பக்கத்தைப் படிக்கிற வரைக்கும்.

"குடும்பமே உலகமென வாழ்ந்த இல்லத்தரசி. வீட்டு வாசல் தாண்டாத பொறுமையின் சிகரம்."

வாசல் தாண்டாதவளா! இருபத்தேழு வருடம் ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவள். தாத்தா போனபோது பெரியப்பாவுக்குப் பதினொரு வயது, அப்பாவுக்கு ஆறு. இரண்டு பேரையும் அந்த லிஃப்ட் ஸ்டூலில் உட்கார்ந்துதான் ஆளாக்கினாள். பொறுமையாம், சிகரமாம். மூடுகிற கதவில் கையை விட்ட ஓர் அதிகாரியை "கை வேணுமா, வேண்டாமா சார்?" என்று கேட்டு மெமோ வாங்கியவள் என் பாட்டி. அந்த மெமோவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பக்கம் போட்டேன்.

மார்ச் 4

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "பாட்டி வேலைக்குப் போனதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

"அதெல்லாம் இப்போ எதுக்கும்மா? எங்க ஆபீஸ்காரங்க எல்லாம் வர்றாங்க."

அதுதானே விஷயம்! அவருடைய ஆபீஸும் அதே கட்டடத்தில்தான், நாலாவது மாடியில். பதினொரு வருடம் தினமும் காலையில் பெற்ற தாயின் லிஃப்டில் ஏறி, சுவரைப் பார்த்துக்கொண்டு "நாலு" என்றார். அவள் "சரி சார்" என்றாள். கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. அவள் ஓய்வு பெற்ற அன்று கூட்டத்தோடு நின்று கைதட்டிவிட்டு ஃபைல் பார்க்கப் போய்விட்டாராம். போன வருடம் அப்பா இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "பாட்டிகிட்ட கேட்டுத் தொலைக்காதே" என்றும் சொன்னார்.

"யாராவது பாட்டியை அடையாளம் கண்டுபிடிச்சிட்டா?" என்று கேட்டேன்.

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்?"

வாஸ்தவம். லிஃப்ட் ஓட்டுகிறவள் முகத்தை எவன் நிமிர்ந்து பார்த்தான்?

நான் எகிறியது பக்கத்து அறை வரை போயிருக்கிறது. பாட்டி அங்கிருந்தே, "மெதுவாப் பேசுடி. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

மார்ச் 6

பல் டாக்டரின் விசிட்டிங் கார்டில் போன் நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஐநூறு கார்டு அடித்தாயிற்று. முதலாளி குதித்தார். குதிக்கட்டும். எல்லாம் பெரியப்பாவால்.

மார்ச் 8, ஞாயிறு

பெரியப்பா புரூஃப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நடுப்பக்கத்தில் நானாக ஒரு படம் போட்டு வைத்திருந்தேன். நீலக் கோட்டு, ஸ்டூல், கையில் லிஃப்டின் பிடி, யாரையோ அதட்டப் போகிற முகம். பாட்டியின் படங்களிலேயே அசல் பாட்டி அதில்தான் இருக்கிறாள்.

"இதை எடு."

"எடுக்க மாட்டேன். உங்களுக்கு வெக்கமா, பயமா, எது?"

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?"

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், அவர் கத்தினார். பாட்டி எழுந்து வந்து, "ரெண்டு பேரும் பெட்டிக்குள்ள போங்க" என்றாள்.

பெட்டி என்பது சமையலறையை ஒட்டிய சாமான் அறை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு மூச்சுவிட இடமில்லை. வீட்டில் யார் முட்டிக்கொண்டாலும் பாட்டி அவர்களை அதில் தள்ளிக் கதவைச் சாத்தி வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பேசித் தீர்க்காமல் கதவு திறக்காது. அப்பாவும் பெரியப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த வருடம் நாற்பது நிமிடம் உள்ளே நின்றார்கள். நானும் அம்மாவும் என் கல்யாணப் பேச்சுக்காக ஒரு மணி நேரம் நின்று, சிரித்துக்கொண்டு வெளியே வந்தோம். "கதவை மூடினா மனுஷன் மூணு மாடி வரைக்கும்தான் பொய் சொல்லுவான்" என்பாள். இந்தக் குடும்பம் இன்னும் ஒன்றாக இருப்பதற்கு அந்த அறைதான் காரணம். அதைப் பற்றியும் மலரில் ஒரு வரி கிடையாது.

உள்ளே பெரியப்பா ஏணியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அம்மாதான் அப்படிச் சொன்னாங்க. 'லிஃப்ட்காரி பையன்னு தெரிஞ்சா மட்டமாப் பாப்பாங்க. வேலை நிரந்தரமாக மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதே'ன்னாங்க."

இது எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் என் கோபம் தணிந்தது. ஒரு நிமிடம்தான்.

"சரி, மூணு மாசம். மிச்சம் பத்தே முக்கால் வருஷம்?"

"பழகிடுச்சும்மா."

பழகிடுச்சாம்! என்ன வார்த்தை இது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஏணியை எடுத்து—

அதற்குள் கதவுக்கு வெளியிலிருந்து பாட்டியின் குரல் வந்தது. "நாலாவது மாசம் மொத நாளு புதுப் புடவை கட்டிக்கிட்டுப் போனேன்டா. இன்னிக்கு நீ நாலு பேர்கிட்ட சொல்லுவேன்னு நெனச்சேன். கோட்டுக்கு உள்ள என்ன தெரியப்போகுது. இருந்தாலும் கட்டிக்கிட்டுப் போனேன்."

பாட்டி கதவைத் திறந்தாள். பெரியப்பா, அவருக்காகப் போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மார்ச் 11

இப்போது பாட்டி மேலேயே கோபம். "அவன் எழுதினதையே போடு, அந்தப் படத்தை எடுத்திடு" என்கிறாள்.

"உனக்குக் கோவமே வராதா பாட்டி?"

"ஏன் வராம? ஆனா அது என் கோவம். அதை உன் கையில எப்போ குடுத்தேன்?"

"அப்போ அப்படியே விட்டுடறதா?"

"நீ அச்சடிச்சா அது நீ சொன்னது. அவன் சொன்னதாயிடுமா?"

அவள் சொன்னது சரிதான். அதனால் இன்னும் கோபம்.

மார்ச் 13

ஏழாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "என் பாட்டி ஓர் அலுவலகத்தில் பணிபுரிந்தார்" என்று எழுதினேன். என்ன பணி என்று எழுதவில்லை. இன்றைக்குத்தான் ஞாபகம் வருகிறது. சே.

மார்ச் 17

அச்சுக்குக் கொடுத்தாயிற்று. இருநூறு இல்லத்தரசிகள். படத்தை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது அழுதேன், மெஷின்காரர் பார்த்துவிட்டு மை நெடி கண்ணை எரிக்கிறதா என்று கேட்டார்.

மார்ச் 19

பெரியப்பாவிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. "விழா நடக்கிற ஹால் எத்தனாவது மாடிடி?" என்று பாட்டி மட்டும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஹால் இருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்தோம். பாட்டி, நான், பெரியப்பா. கையில் அந்தப் புத்தகக் கட்டு, கனத்தது. பெரியப்பாவின் பழைய மேனேஜரும் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேரும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்துகொண்டார்கள். பாட்டி முதல் ஆளாக ஏறி, பிறந்தநாள்காரி என்ற நினைப்பே இல்லாமல், பொத்தான்கள் பக்கத்தில் சுவரோடு நின்றாள். எல்லோரும் ஏறிக் கதவு மூடியது. லிஃப்ட் நகரவில்லை. யாரும் எதையும் அழுத்தவில்லை.

"எந்த மாடி?" என்றாள் பாட்டி, திரும்பாமல்.

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பெரியப்பாவின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

"சார்," என்றார் மேனேஜரிடம். குரல் எழும்பவில்லை. "நம்ம ஆபீஸ் லிஃப்ட்ல நீலக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தங்க இருந்தாங்களே. அவங்க... இவங்கதான் சார். எங்கம்மா."

மேனேஜர் திரும்பிப் பாட்டியைப் பார்த்தார். அநேகமாக முதல் தடவையாக.

"என்ன சொன்னே?" என்றாள் பாட்டி. "காதுல விழலை."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னார். "இவங்க எங்கம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் இரண்டை அழுத்தினாள்.

பாட்டிக்குக் காது நன்றாகவே கேட்கும்.