இரண்டாவது நாற்காலி

கில்டரா
3 மார்ச் 1974

அன்புத் தங்கை டெல்லாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டைக்குக் கை நீளமாம். அம்மா குறை சொல்லாவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

கலைப் போட்டியில் ஜெயித்துவிட்டோம்! தவக்காலத்தில் நடன விருந்துகள் கிடையாதே, ஊரே மண்டபத்தில்தான். பாட்டு, ஆட்டம், நாடகம் எல்லாவற்றிலும் பக்கத்து ஊர்க்காரர்கள் மண்ணைக் கவ்வினார்கள். கோப்பையையும் இறுதிப் போட்டியில் இடத்தையும் வாங்கித் தந்தது என் நாடகம். பார்ட்லி கீவன் உன்னைப் பெண் கேட்ட கதையை கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னாயே, "டெல்லா, வீட்டுக்கு ரெண்டாவது நாற்காலி வாங்கிட்டேன்" என்றானே? நான் முதுகில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்து, பசு வேடம் போட்ட வாத்தியாரிடம் அதையே சொன்னேன். கூரை இடிந்து விழாத குறை! பார்ட்லியும் வந்திருந்தான். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். நம்மூரில் கேலிக்கு ஆளானவன்தானே முதலில் சிரிக்க வேண்டும்? தங்கமான மனிதன். ஜூன் மாதக் கல்யாணத்துக்கு நல்ல சகுனம்.

உன் அண்ணன்,
மலாக்கி

கவென்ட்ரி
19 மார்ச்

அண்ணா,

பார்ட்லி எழுதியிருக்கிறார். "நீ சொல்லாம அது அவனுக்கு எப்படித் தெரியும்? சந்தைக்குப் போனா மாட்டு வியாபாரிங்ககூட நாற்காலி என்ன விலைன்னு கேக்கிறாங்க. என்னை விட்டுடு டெல்லா." அவ்வளவுதான் கடிதம். கல்யாணம் நின்றுபோனது.

சிரித்தார் என்கிறாய். சிரிக்காவிட்டால் ஆயுசுக்கும் விட்டிருப்பீர்களா? அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நான் அதை உன்னிடம் கேலிக்குச் சொல்லவில்லை, சந்தோஷம் தாங்காமல் சொன்னேன். வயிறு எரிகிறது. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள். இறுதிப் போட்டியில் அந்த நாடகத்தைப் போடாதே. போட்டால் எனக்கு அண்ணன் இல்லை.

டெல்லா

கில்டரா
28 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

அம்மாடி, என்ன கோபம்! மன்னிப்பா? நான் போய்க் கேட்டால் அவனுக்கு வலித்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதைவிட அவமானம் அவனுக்கு உண்டா? விடு, தானாக ஆறிவிடும்.

போன முறை பெண் பாத்திரமே இல்லை என்று நடுவர் குறைப்பட்டார். அதனால் உன் கடிதத்தை ஒத்திகையில் வாசித்துக் காட்டினேன். "வயிறு எரிகிறது" என்ற இடத்தில் உருண்டு புரண்டு சிரித்தார்கள். ஒரு சொல் மாற்றாமல் அதையே கடைசிக் காட்சியாக வைத்துவிட்டோம். கசாப்புக்கடை டோனல் தலையில் முக்காட்டோடு நீயாக வருகிறான். ஞாயிற்றுக்கிழமை போட்டி. முன்வரிசையில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், கட்டாயம் வந்துவிடு.

உன் அண்ணன்,
மலாக்கி